எச்.ஆர். ஆட்கள் எப்படிப்பட்டவர்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஆர்., அதாவது மனிதவளம் என்ற இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அம்பத்தூரில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியின் டைம் ஆபீசில், அதாவது வருகைப்பதிவுப் பிரிவில், தொடங்கினேன். அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய ஆலை ஒன்றில் பத்து வருடம். நடுவில் ஐந்து வருடம் ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனம். இப்போது மறுபடியும் ஆலை. என்னிடம் கேள்வி கேட்பவர்கள் மூன்று வகை: இந்தப் படிப்பு படிக்கலாமா என்று யோசிக்கும் பிள்ளைகள், தங்கள் ஆபீஸ் எச்.ஆர். மேல் கடுப்பில் இருப்பவர்கள், வரன் விசாரிக்கும் பெரியவர்கள். நேரில் கேட்டபோது பாதி பதில்தான் சொல்லியிருப்பேன். மீதி இங்கே.

எச்.ஆர். நாள் முழுக்க என்னதான் செய்கிறார்?

ஆள் எடுப்பார், ஆளை அனுப்புவார், நடுவில் ரங்கோலிப் போட்டி வைப்பார் என்பது ஊர் எண்ணம். ரங்கோலிப் போட்டி உண்மைதான், மறுக்கவில்லை.

ஆலையில் ஒரு நாளைச் சொல்கிறேன். முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. ஐந்தே முக்காலுக்கு போன் வரும்: திருவள்ளூர் ரூட் பஸ் வழியில் நின்றுவிட்டது, உள்ளே நாற்பது பேர். லைன் ஓடாது என்று புரொடக்‌ஷன்காரர் கத்துவார். இரவு ஷிஃப்ட் முடித்துக் கிளம்புகிறவர்களில் கொஞ்சம் பேரை இரண்டு மணி நேரம் இருக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அவர்களுக்கு ஓவர்டைம் பதிய வேண்டும், கேண்டீனுக்குக் கூடுதல் டிபன் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு காண்ட்ராக்டர் நூறு பேர் அனுப்புகிறேன் என்ற இடத்தில் எழுபத்தெட்டு பேர் நிற்பார்கள். கேட்டால் ஊரில் திருவிழா. பதினொரு மணிக்கு கேண்டீன் கமிட்டி. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று ஒருவர், முட்டை சின்னதாகிவிட்டது என்று இன்னொருவர். சிரிக்காதீர்கள். பல ஆலைகளில் பெரிய தகராறுகளின் முதல் பொறி கேண்டீனில்தான் விழுந்திருக்கிறது. சாயங்காலம் ஒரு பெண் வந்து அழுவாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பதிவில் அப்பா பெயரே ஏறவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் கணினியோடு மல்லுக்கட்டு.

இதற்கு நடுவே மாதக் கணக்கு. ஏழாம் தேதிக்குள் சம்பளம், பதினைந்தாம் தேதிக்குள் பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் கட்டியாக வேண்டும். பி.எஃப்.புக்கு ஆளிடம் 12 சதவீதம், கம்பெனியிடம் 12 சதவீதம். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ., ஆளிடம் 0.75, கம்பெனியிடம் 3.25. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி. ஒரு நாள் தவறினாலும் வட்டி, அபராதம், விளக்கக் கடிதம். ஊழியர்கள் கண்ணில் படும் எச்.ஆர். இந்த வேலையில் பத்தில் மூன்று பங்குதான் இருக்கும்.

முன்பு ‘பர்சனல் மேனேஜர்’ என்பார்களே, அவரேதானா?

அவரேதான். பெயர் மட்டும் மூன்று முறை மாறியது.

பஞ்சாலை காலத்தில் ஆள் எடுப்பது மேஸ்திரி கையில் இருந்தது. வேலை வேண்டும் என்றால் அவருக்கு லஞ்சம், வேலை நிலைக்க வேண்டும் என்றால் மறுபடி லஞ்சம். சென்னையில் பின்னி குழுமத்தின் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதற்குப் பின்னால், கூலியோடு சேர்த்து, ஆலைக்குள் மனிதரை நடத்திய விதமும் இருந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னால் நின்றார்கள். பிறகு 1929-இல் அமைக்கப்பட்ட விட்லி கமிஷன், ஆள் எடுப்பதை மேஸ்திரியிடமிருந்து பிடுங்கி ‘லேபர் ஆபீசர்’ என்று ஒருவரிடம் கொடுங்கள் என்றது. எங்கள் பரம்பரை அங்கே தொடங்குகிறது. சுதந்திரத்துக்குப் பின் 1948-இன் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ இருந்தால் வெல்ஃபேர் ஆபீசர் கட்டாயம் என்றது. 2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 250 ஆகியிருக்கிறது.

‘மனித வளம்’ என்ற சொல் இங்கே வந்தது 1975 வாக்கில். எல் அண்ட் டி நிறுவனம் உதய் பாரீக், டி.வி. ராவ் என்ற இரண்டு பேராசிரியர்களை அழைத்து, அவர்கள் யோசனைப்படி இந்தியாவின் முதல் எச்.ஆர்.டி. துறையைத் தொடங்கியது. 1985-இல் மத்திய கல்வி அமைச்சகத்தின் பெயரையே மனிதவள மேம்பாடு என்று மாற்றினார்கள். அதனால் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், “எச்.ஆர்.டி.யா? அப்போ சென்ட்ரல் கவர்ன்மென்ட்டா?” என்று கேட்டார். இரண்டு நாள் மரியாதை கிடைத்தது.

ஆலை எச்.ஆரும் ஐ.டி. எச்.ஆரும் ஒரே ஜாதியா?

விசிட்டிங் கார்டில் ஒரே பெயர். மற்றபடி தூரத்துச் சொந்தம் மாதிரி. கல்யாணத்தில் பார்த்தால் சிரிப்பார்கள், ஒருவர் வேலை இன்னொருவருக்குப் புரியாது.

ஆலையில் நான் பேசிக்கொண்டிருந்தது கூட்டத்தோடு. ஒருவருக்கு ஒன்று கொடுத்தால் ஆயிரம் பேர் கேட்பார்கள் என்ற கணக்கு எப்போதும் மனசில் ஓடும். தொழிற்தகராறு சட்டத்தின் பிரிவு எண்களே பேச்சுவழக்காகிவிடும். “12(3) போட்டாச்சா?” என்றால் லேபர் ஆபீஸ் அதிகாரி முன்னிலையில் ஒப்பந்தம் ஆயிற்றா என்று அர்த்தம். “18(1)” என்றால் நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. 2025 நவம்பர் 21 முதல் பழைய 29 சட்டங்களுக்குப் பதில் நான்கு சட்டத் தொகுப்புகள் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. ஆனால் எங்கள் வாயில் இன்னும் 12(3)தான்.

தமிழ்நாட்டு ஆலை எச்.ஆர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ஒரு எண் 480. 1981-இல் வந்த மாநிலச் சட்டம் ஒன்று, 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. இந்த ஒற்றை எண்ணைச் சுற்றி எத்தனை கம்பெனிகள் எத்தனை வித்தை காட்டுகின்றன என்று எழுதினால் தனிப் பக்கம் வேண்டும். டிரெய்னி, அப்ரன்டிஸ், காண்ட்ராக்ட், மறுபடி வேறு பெயரில் டிரெய்னி. அந்த வித்தைகளுக்கு எக்செல் போட்டவர்களில் நானும் ஒருவன். பெருமையாகச் சொல்லவில்லை.

ஓ.எம்.ஆரில் நிலைமை வேறு. அங்கே எனக்கு நானூறு பேர் பொறுப்பு. முந்நூறு பேரை நேரில் பார்த்ததே இல்லை. பிரச்சினைகள் தனித்தனியாக, மின்னஞ்சலில் வரும். ‘என் ரேட்டிங் ஏன் 3?’, ‘பக்கத்து சீட்காரர் எனக்கு ஜூனியர், சம்பளம் எப்படி அதிகம்?’, ‘பெஞ்சில், அதாவது புராஜெக்ட் இல்லாமல், இரண்டு மாதமாக இருக்கிறேன், என்னை அனுப்பிவிடுவார்களா?’ மூன்றாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருக்கும், சொல்ல முடியாது. ஐ.டி. கம்பெனிகளுக்கும் தொழிற்தகராறு சட்டம் பொருந்தும் என்று தமிழக அரசு 2016-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனாலும் ஐந்து வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் வந்து சங்கம் என்ற சொல்லை உச்சரிக்கவில்லை.

எது சுலபம் என்று கேட்பீர்கள். உடம்புக்கு ஐ.டி., மனசுக்கு ஆலை. ஆலையில் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியவர் அடுத்த வாரமே மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை வைப்பார்.

எச்.ஆர். யார் பக்கம்?

சம்பளம் கொடுப்பவர் பக்கம். இதைச் சுற்றிவளைத்துச் சொல்லும் எச்.ஆரை நம்ப வேண்டாம்.

ஆனால் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து என்ன செய்ய முடியும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஒரு உதாரணம். ஆலையில் காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்த ஒரு பெண் ஐந்து மாதக் கர்ப்பம். நின்று செய்யும் வேலை. சூப்பர்வைசர் என்னிடம் வந்து, “சார், காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி ஆளை மாத்திடுங்க” என்றார். அவருக்கு அது பூட்ஸ் மாற்றுவது மாதிரி. நான் மேலே போய் என்ன சொன்னேன்? பாவம், கர்ப்பிணி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ‘நீ ரொம்ப சாஃப்ட்’ என்று முடித்திருப்பார்கள். “இவளுக்கு 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கொடுத்துவிடும், நமக்கு ஒரு பைசா செலவில்லை. கர்ப்பத்தைக் காரணம் வைத்து நிறுத்தினால் அது சட்டவிரோதம், காண்ட்ராக்டரோடு நம் பெயரும் வழக்கில் வரும். வாடிக்கையாளர் ஆடிட் அடுத்த மாதம்” என்றேன். பத்து நிமிடத்தில் உட்கார்ந்து செய்யும் பேக்கிங் வேலைக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

இதுதான் எங்கள் தொழிலின் சூட்சுமம் என்று நினைக்கிறேன். நல்லது ஒன்றைச் செய்ய வேண்டும் என்றால் அதை மேலே செலவுக் கணக்காகவும் ஆபத்தாகவும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். கெட்டது ஒன்றைச் செய்ய வேண்டும் என்றால் அதைக் கீழே ‘குடும்பம்’, ‘வாய்ப்பு’ என்று மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். இருபது வருடம் இப்படி இரண்டு மொழியில் பேசினால், நம் சொந்தக் கருத்து எந்த மொழியில் இருந்தது என்று மறந்துபோகும் நாளும் வரும். முதல் மொழிபெயர்ப்பு மட்டும் போதும் என்று சொல்லும் கம்பெனி எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

இன்டர்வியூ முடிந்து ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றவர்கள் ஏன் சொல்லவே மாட்டேன் என்கிறார்கள்?

மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். ஒன்று, அவர்களுக்கே தெரியாது. மேனேஜர் பதில் சொல்லாமல் இழுப்பார், அல்லது அந்த வேலையிடத்தையே நிறுத்திவைத்திருப்பார்கள். இரண்டு, நீங்கள் இரண்டாவது ஆள். முதல் ஆள் வருவாரா என்று பார்க்கிறார்கள். ஐ.டி.யில் நோட்டீஸ் பீரியட் பல இடங்களில் 90 நாள். ஆஃபரை வாங்கியவர் அந்த மூன்று மாதத்தில் அதைக் காட்டி இன்னும் இரண்டு ஆஃபர் வாங்கி, சேரும் நாள் காலையில் போனை அணைத்துவிடுவார். அதனால் இரண்டாவது ஆளை விட்டுவிடவும் பயம். மூன்றாவது, வெறும் சோம்பல். வேண்டாம் என்று சொல்வது சங்கடம், அதனால் சொல்வதில்லை. இதற்கு மன்னிப்பு கிடையாது. நானும் செய்திருக்கிறேன்.

ஆளை வேலையிலிருந்து அனுப்பும் நாளில் அவர்கள் மனசில் என்ன ஓடும்?

ஓ.எம்.ஆரில் இருந்தபோது இரண்டு நாளில் முப்பத்தொரு பேர். சின்ன மீட்டிங் ரூம், மேஜையில் டிஷ்யூ பெட்டி, தண்ணீர் பாட்டில். என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சட்டப் பிரிவின் உத்தரவு. தாளில் ‘நீக்கம்’ என்ற சொல் எங்குமே இல்லை. அவர்களாகவே ராஜினாமா எழுதித் தர வேண்டும், அப்போதுதான் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும் என்று நான் ‘ஆலோசனை’ சொல்ல வேண்டும்.

அழுதவர்கள் உண்டு, சண்டை போட்டவர்கள் உண்டு. எனக்கு நினைவில் நிற்பவர் ஒன்றும் கேட்காதவர். கையெழுத்துப் போட்டுவிட்டு, “சாப்பாட்டு டப்பா பேன்ட்ரி ஃப்ரிட்ஜில் இருக்கு, எடுத்துக்கலாமா?” என்று மட்டும் கேட்டார். அவருடைய பேட்ஜை முடக்கியாகிவிட்டது, கதவு திறக்காது. நான்தான் போய் எடுத்து வந்து கொடுத்தேன். புளிசாதம்.

மூன்று மாதம் கழித்து எச்.ஆரிலும் நான்கு பேரைக் குறைத்தார்கள். அந்த முப்பத்தொரு பேர் பட்டியலைத் தட்டச்சு செய்த பெண்ணும் அதில் ஒருத்தி. அடுத்த வருடம் நான் ஆலைக்குத் திரும்பினேன்.

பயமாக இருக்காதா?

பெரும்பாலான நாட்களில் இல்லை. ஆனால் 2009 செப்டம்பரில் கோயம்புத்தூரில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் எச்.ஆர். துணைத் தலைவர் தாக்கப்பட்டு இறந்தார். 2012 ஜூலை 18-இல் ஹரியானாவின் மானேசர் மாருதி ஆலையில் நடந்த வன்முறையிலும் தீயிலும் எச்.ஆர். பொது மேலாளர் இறந்தார். அந்த ஆலையில் சங்கம் பதிவாக அவர் உதவியிருந்தார் என்று அந்த நேரத்தில் செய்திகள் வந்தன. அந்த வாரம் எங்கள் ஆலை எச்.ஆர். அறையில் யாரும் அதிகம் பேசவில்லை. வீட்டிலிருந்து தினமும் இரண்டு முறை போன்.

கொலையை நியாயப்படுத்த ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன்: முடிவெடுப்பவர் வேறு ஊரில், வேறு நாட்டில் இருப்பார். தொழிலாளி கையெட்டும் தூரத்தில் நிர்வாகத்தின் முகமாக இருப்பது எச்.ஆர். ஒருவர்தான். 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 தொடங்கி அக்டோபர் 15 வரை, 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம்தான் மையக் கோரிக்கை. அமைச்சர்கள் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அந்தப் பகுதியின் மற்ற ஆலைகளில் இருந்த நாங்கள் அந்த நாட்களில் கேண்டீனில் எந்த மேஜையில் யார் யாரோடு உட்கார்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்கச் சொல்லியிருந்தார்கள். உளவு பார்ப்பது என்று அதற்குப் பெயர் வைத்தால் மறுக்க மாட்டேன்.

எச்.ஆரில் பெண்கள்தான் அதிகம் என்கிறார்களே?

ஐ.டி.யில், ஆள் எடுக்கும் பிரிவில் அப்படித்தான் தெரியும். ஆலையில் சங்கத்தோடு பேசும் ஐ.ஆர். பிரிவில் ஆண்கள்தான் பெரும்பாலும். ‘ராத்திரி கேட் மீட்டிங்குக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது’ என்பார்கள். நான் பார்த்த மிகத் திறமையான ஐ.ஆர். ஆள் ஒரு பெண். சங்கத் தலைவர் மேஜையைத் தட்டிப் பேசினால், தட்டி முடிக்கும்வரை காத்திருந்து “டீ சொல்லட்டுமாண்ணா?” என்பார். அப்புறம் விட்ட இடத்திலிருந்து ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் தொடர்வார்.

இதற்கு என்ன படிக்க வேண்டும்?

இரண்டு பாதை. எம்.பி.ஏ.வில் எச்.ஆர். எடுப்பது ஒன்று. சமூகப்பணி முதுகலை, அதாவது எம்.எஸ்.டபிள்யூ., இன்னொன்று. ஆலைப் பக்கம் போக ஆசை என்றால் இரண்டாவதை ஒதுக்காதீர்கள். 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் படித்தவர்களைத் தமிழ்நாட்டு ஆலைகளில் எங்கும் பார்க்கலாம். மாநில அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் சென்னையில் இருக்கிறது, தொழிலாளர் மேலாண்மைக்கென்றே இளங்கலையும் முதுகலையும் உண்டு, கட்டணமும் குறைவு. இந்திய அளவில் பெரிய பெயர் என்றால் ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யும் மும்பை டிஸ்ஸும் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்).

படிப்பைவிட ஒன்று முக்கியம். முதல் இரண்டு வருடம் டைம் ஆபீசிலோ பேரோலிலோ உட்காருங்கள். ஒரு சம்பளச் சீட்டைக் கையால் கணக்குப் போடத் தெரியாதவர் பிற்காலத்தில் ‘கலாசார மாற்றம்’ பற்றி ஸ்லைடு போடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும்.

சம்பளம் எப்படி?

தொடக்கத்தில் குறைவு. ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சிகளில் ரொம்பவே குறைவு, அதிலும் பாதி இலக்கைப் பொறுத்தது. பத்து வருடம் தாண்டியபின் ஏறும், தலைமைப் பதவிக்குப் போனால் நன்றாகவே ஏறும். ஆனால் மேலே இடம் குறைவு. ஆயிரம் பேர் ஆலையில் எச்.ஆர். தலைவர் ஒருவர்தான். கூடவே ஒரு வேதனை: எல்லோர் சம்பளமும் நமக்குத் தெரியும். நம்மைவிட ஐந்து வயது சின்னவர், நாமே ஆஃபர் லெட்டர் அடித்துக் கொடுத்தவர், எவ்வளவு வாங்குகிறார் என்று தெரிந்துகொண்டே அவருக்குப் புன்னகையோடு வரவேற்புப் பை கொடுக்க வேண்டும்.

ஆபீசில் அவர்களுக்கு நண்பர்களே இல்லையா? ஏன் தனியாகச் சாப்பிடுகிறார்கள்?

நாங்கள் போய் உட்கார்ந்தால் மேஜையில் பேச்சு மாறிவிடும். எங்களுக்கும் சங்கடம். எதிரே உட்கார்ந்து வீட்டுக்கடன் வாங்கப்போவதாகச் சொல்பவரின் பெயர் அடுத்த மாதப் பட்டியலில் இருப்பது நமக்குத் தெரியும். ‘இப்போ வேண்டாம்’ என்று சொல்லவும் முடியாது. நான் ஒரே ஒரு முறை, “அவசரப்படாதீங்க, வட்டி குறையும்னு சொல்றாங்க” என்று சொன்னேன். அவர் வாங்கிவிட்டார்.

அதனால் எச்.ஆர். ஆட்களுக்கு நண்பர்கள் மற்ற கம்பெனி எச்.ஆர். ஆட்கள்தான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று பகுதிவாரியாக வாட்ஸ்அப் குழுக்கள் உண்டு. இந்த வருடம் போனஸ் எவ்வளவு கொடுக்கிறீர்கள், இந்த காண்ட்ராக்டர் எப்படி, அந்தப் பையன் உங்களிடம் வேலை பார்த்தது உண்மையா என்றெல்லாம் ஓடும். நமக்குள் அடித்துக்கொள்வோமே தவிர, பி.எஃப். தளம் படுத்துவிட்டால் பதினான்காம் தேதி இரவு எல்லோரும் ஒரே ஜாதி.

வீட்டு வாழ்க்கை எப்படி? எச்.ஆர். மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், தீபாவளிக்கு முந்தைய மாதம் அவர் முகத்தை எதிர்பார்க்காதீர்கள். போனஸ் பேச்சுவார்த்தை நடக்கும் காலம் அது. சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் எங்கள் புரட்டாசியும் ஐப்பசியும் கழியும். ஆயுத பூஜைக்குள் முடிந்தால் அந்த வருடம் நல்ல வருடம்.

போன் எப்போதும் ஆன். ஆலையில் விபத்து என்றால் முதல் அழைப்பு நமக்கு, தொழிலாளியின் வீட்டுக்குச் சொல்லும் வேலையும் நமக்கு. என் மனைவிக்கு என் குரலை வைத்தே தெரியும், “யாருக்கு, கையா காலா?” என்று கேட்பாள்.

உறவினர்கள் விஷயம் தனி. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பாயசம் வருவதற்குள் ஒரு பயோடேட்டா வந்துவிடும். “தம்பி, நீங்க நெனச்சா முடியும்.” நான் நினைத்தால் கேண்டீன் மெனுவைக்கூட மாற்ற முடியாது என்று அவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். சேர்த்துவிட்டாலும் தொல்லை, அந்தப் பையன் லீவு போட்டால் எனக்குப் போன் வரும்.

இன்னொரு வியாதி, வீட்டிலும் எச்.ஆர். மாதிரிப் பேசுவது. மகன் பரீட்சையில் மார்க் குறைந்து வந்தபோது, “சரி, இதில் எது நன்றாகப் போனது என்று முதலில் பார்ப்போம்” என்று தொடங்கினேன். “அப்பா, திட்டிடுங்க” என்றான்.

ஊழியராக நான் எச்.ஆரிடம் எப்படிப் பேச வேண்டும்?

மரியாதையாக, எழுத்தில், தேதியோடு. வாய்ப்பேச்சுக்கு நாங்கள் தலையாட்டுவோம். மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் பி.எஃப். பணம் ஏறுகிறதா என்று எங்களிடம் கேட்காதீர்கள். யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணை வைத்து நீங்களே பாஸ்புக்கைப் பாருங்கள். 2014-இல் அந்த எண் வந்ததிலிருந்து எங்களை நம்பியிருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. வேலையை விடும்போது கணக்கு முடிப்பதை மாதக்கணக்கில் இழுப்பார்கள். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியப் பாக்கியைக் கொடுக்கச் சொல்கிறது, அதை மேற்கோள் காட்டிக் கேளுங்கள். ராஜினாமா எழுதச் சொன்னால் அந்த அறையிலேயே எழுதாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் உள்ள தாளில் அதற்குப் பதில் இருக்காது.

பாலியல் தொந்தரவு என்றால் எச்.ஆரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்கூட உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைவர் பெண், வெளியிலிருந்து ஒரு உறுப்பினரும் உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். ‘பேசித் தீர்த்துக்கலாம்மா’ என்று அன்பாகச் சொல்லும் எச்.ஆர். அந்த நேரத்தில் மேலேயிருந்து வந்ததைக் கீழே மொழிபெயர்க்கிறார்.

செயற்கை நுண்ணறிவு வந்தால் எச்.ஆர். வேலை போய்விடுமா?

பயோடேட்டா வடிகட்டுவது, லீவு பாக்கி எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. ஐந்தே முக்காலுக்கு நின்றுபோன பஸ்ஸுக்கு இன்னும் நான்தான்.

ஐம்பது வயதுக்குப் பிறகு என்ன செய்வார்கள்?

சிலர் மாலைக் கல்லூரிக் காலத்திலேயே பி.எல். முடித்துவைத்திருப்பார்கள், லேபர் கோர்ட்டுக்குப் போவார்கள். சிலர் சின்னக் கம்பெனிகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு பார்க்கும் கன்சல்டன்ட் ஆவார்கள். பல வருடம் சங்கத்தோடு உட்கார்ந்து பழகியவர்களை மற்ற கம்பெனிகள் உள்விசாரணை அதிகாரியாகக் கூப்பிடும். ஒரு அமர்வுக்கு இவ்வளவு என்று கட்டணம். எனக்கும் போன மாதம் அப்படி ஒன்று வந்தது. விசாரணைக்கு வந்த தொழிலாளி அம்பத்தூரில் என் டைம் ஆபீசில் பஞ்ச் அடித்தவர். என்னைப் பார்த்ததும், “சார், நீங்களா? அப்ப சரி” என்றார். நல்லதுக்குச் சொன்னாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.